கிராஃபிட்டி, தெருவோவியம் என்கிறார்களே, இதையெல்லாம் எப்படி ரசிப்பது? எனக்குக் கிறுக்கலாகத்தான் தெரிகிறது

கேட்டவர் ஃபோர்ட் கொச்சிக்குப் போய்வந்திருக்கிறார். கூட வந்த நண்பர்கள் சுவருக்குச் சுவர் நின்று படம் எடுத்துக்கொண்டார்களாம். தனக்குப் பாதி விளம்பரமாகவும் பாதி கிறுக்கலாகவும் பட்டது, இதில் எதைப் பார்க்க வேண்டும், அடுத்தவர் சுவரில் எழுதுவது முதலில் சரிதானா என்று கேட்கிறார்.

என் பதில்: படத்தைப் பிறகு பாருங்கள், முதலில் எழுத்தைப் பாருங்கள். என்ன எழுதியிருக்கிறது என்பதைக்கூட அவசரப்பட்டுப் படிக்க வேண்டாம். எந்தக் கை எழுதியது, எவ்வளவு வேகத்தில், எதன் மேல், யாருடைய சம்மதத்தோடு எழுதியது என்று பாருங்கள்.

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்காரன். வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழ் வழி, தெருவில் இரண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையாள எழுத்து ஒலியாக மாறுவதற்கு முன்னால் பல காலம் வெறும் வடிவமாகவே கண்ணில் இருக்கும். பஸ்ஸின் நெற்றியில் இருப்பது எந்த ஊர் என்று வாசிக்கத் தெரியாது; ஆனால் எந்தச் சுழி எங்கே திரும்புகிறது என்பது தெரியும். பொருள் புரியாமல் வடிவத்தைப் பார்க்கும் அந்தப் பழக்கம்தான் கிராஃபிட்டிக்கு வேண்டிய முதல் தகுதி. கிறுக்கலாகத் தெரிகிறது என்கிறீர்கள். படிக்க முடியவில்லை என்பதால்தான் அப்படித் தெரிகிறது. பெரும்பாலானவை நீங்கள் படிப்பதற்காக எழுதப்பட்டவையே அல்ல.

எங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். கேரளத்தில் தேர்தல் வாசனை அடித்ததும் முதலில் நடப்பது சுவர் பிடிப்பது. வேட்பாளர் யார் என்று கட்சிக்கே தெரியாத காலத்தில் சுவருக்கு வெள்ளையடித்து, ஓரத்தில் கட்சியின் பெயரையும் ஆண்டையும் போட்டு, 'புக்டு' என்று எழுதிவிடுவார்கள். அவ்வளவுதான், அந்தச் சுவர் அவர்களுடையது. எதிர்க்கட்சிக்காரர் தொட மாட்டார். தமிழர்கள் அதிகமுள்ள சித்தூர் தாலுகா, தேவிகுளம் போன்ற இடங்களில் ஒரே வேட்பாளரின் பெயர் ஒரு சுவரில் மலையாளத்திலும் அடுத்த சுவரில் தமிழிலும் இருக்கும். இரண்டையும் ஒரே ஆள் எழுதியிருந்தால் பார்த்ததும் தெரிந்துவிடும். மலையாளத்தில் பட்டைத் தூரிகை வளைந்து ஓடியிருக்கும். தமிழ் எழுத்தில் மூலைக்கு வந்ததும் தயங்கி நின்றிருக்கும். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து ஆள் வந்து எழுதினால் கதை தலைகீழாகும்.

கை பழகிய எழுத்தாளர் (சுவரில் எழுதுகிறவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம், கதை எழுதுகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்) முதலில் பொடி தடவிய நூலைச் சுவரில் இழுத்து அடித்து மேல்கோடும் கீழ்கோடும் போடுவார். பிறகு எழுத்துகளை எண்ணி நடு எழுத்தைக் குறிப்பார். பழகாதவர் இடப்பக்கத்திலிருந்து தாராளமாகத் தொடங்கி, வலது மூலைக்கு வரும்போது கடைசி இரண்டு எழுத்துகளை நெருக்கித் திணித்திருப்பார். நிழல் எழுத்துப் போடுபவரிடம் இன்னொன்றைக் கவனியுங்கள். எல்லா எழுத்துக்கும் நிழல் ஒரே திசையில் விழுகிறதா? விழுந்தால் தொழில் தெரிந்தவர்.

எழுத்தை வைத்துச் சுவரின் வயதையும் கொஞ்சம் ஊகிக்கலாம். மலையாளத்தில் 1971-இல் லிபிச் சீர்திருத்தம் வந்து பல கூட்டெழுத்துகள் பிரிந்தன. தமிழ்நாட்டில் 1978-இல் அரசாணை வந்து, யானைத் துதிக்கை போல் வளைந்த பழைய 'லை', 'னை' எல்லாம் பாடநூலிலிருந்து போயின. ஆனால் அரசாணை தாளில் செல்லும், பழகிய கைக்குச் செல்லாது. எல்லையோர ஊர்களில் பழைய அரிசிக் கடை, சோடாக் கடைச் சுவர்களில் சுண்ணாம்பு உரிந்த இடத்தில் அந்தத் துதிக்கை எட்டிப் பார்த்தால், ஒன்று சுவர் பழையது, இல்லாவிட்டால் எழுதியவர் பழையவர். ஓவியக் கண்காட்சியில் கிடைக்காத சந்தோஷம் இதில் எனக்குக் கிடைக்கிறது.

நடுவில் ஃபிளெக்ஸ் வந்து இந்தத் தொழிலைப் பாதி தின்றுவிட்டது. 2019-இல் கேரளத்தில் பி.வி.சி. ஃபிளெக்சுக்குத் தடை வந்த பிறகு தூரிகைகளுக்கு மறுபடி கொஞ்சம் வேலை வந்தது. சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு நன்மையோ, எழுத்துக்கு நிச்சயம் நன்மை.

சுவர் பிடிப்பதை வேடிக்கையாக மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. 2018 ஜூலைத் தொடக்கத்தில் ஒரு நள்ளிரவில், எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் சுவரெழுத்து தொடர்பாக மாணவர் அமைப்புகளுக்கு இடையே நடந்த தகராறில் அபிமன்யு என்ற மாணவர் குத்திக் கொல்லப்பட்டார். வயது இருபது. ஊர் வட்டவடை, மூணாறுக்கு அப்பால், தமிழ் பேசும் மலைக்கிராமம். வகுப்புவாதம் ஒழியட்டும் என்ற பொருளுள்ள மலையாள வாசகம் அதன்பின் கேரளம் முழுக்கச் சுவர்களில் ஏறியது. சுவரில் எழுதுவது பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தப் பையன்தான் நினைவுக்கு வருகிறான்.

இப்போது ஸ்பிரே டப்பாவுக்கு வருவோம். இன்று உலகெங்கும் பார்க்கும் கிராஃபிட்டி அமெரிக்காவில் 1960-களின் இறுதியில் ஃபிலடெல்ஃபியாவிலும் நியூயார்க்கிலும் சொந்தப் பெயரை எழுதும் பழக்கமாகத் தொடங்கியது. நியூயார்க்கில் டெமெட்ரியஸ் என்ற கிரேக்க வம்சாவளிப் பையன், தூதஞ்சல் வேலைக்காக நகரமெல்லாம் சுற்றும்போது 'டாக்கி 183' என்று கண்ட இடத்திலெல்லாம் எழுதினான். டாக்கி அவனுடைய செல்லப்பெயர், 183 அவன் குடியிருந்த தெருவின் எண். 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் அவனைப் பற்றிச் செய்தி போட்டதும் நகரத்துப் பையன்களெல்லாம் பேனாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பெயரும் எண்ணும் மட்டும்தான். கட்சி இல்லை, கோரிக்கை இல்லை, விற்பதற்கும் ஒன்றும் இல்லை. நான் இருக்கிறேன் என்பது மட்டுமே செய்தி.

எல்லோரும் எழுதத் தொடங்கியதும் தனித்துத் தெரிய வேண்டியதாயிற்று, எழுத்து பெருத்தது. அங்கிருந்துதான் இந்தக் கலையின் வகைகள் பிறந்தன. ஒரே வீச்சில் போடும் கையெழுத்து 'டேக்'. உப்பிய எழுத்துகளை ஒன்றிரண்டு நிறத்தில் சில நிமிடங்களில் நிரப்பிவிட்டு ஓடினால் 'த்ரோ-அப்'. நேரம் எடுத்துக்கொண்டு பல நிறங்களில் விரிவாகக் கட்டினால் 'பீஸ்'; அவற்றில் சில அம்பும் பின்னலுமாகப் படிக்கவே முடியாதபடி இருக்கும். நீங்கள் கிறுக்கல் என்று சொல்வது பெரும்பாலும் டேக். மூன்றில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். பீஸில் தவறு செய்தால் மேலே இன்னொரு நிறம் பூசி மறைக்கலாம், டேக்கில் மறைக்க இடமில்லை. டப்பாவைச் சுவருக்கு அருகில் பிடித்தால் கோடு மெலிந்து கூர்மையாகும், தள்ளிப் பிடித்தால் அகன்று ஓரம் புகையும். ஒரே இடத்தில் கை ஒரு கணம் தாமதித்தால் வண்ணம் வழிந்துவிடும். வழியாத கோடு என்றால் கை நிற்கவில்லை என்று அர்த்தம். சிலர் வேண்டுமென்றே வழியவிடுவதும் உண்டு. அது கோட்டின் மற்ற இடங்களில் இருக்கும் உறுதியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இவர்களுக்கும் எங்கள் ஊர்க் கட்சிக்காரர்களைப் போலவே ஒரு சட்டம் உண்டு: ஒருவர் எழுதியதற்கு மேல் எழுத வேண்டுமானால் அதைவிடப் பெரிதாக, சிறப்பாக எழுத வேண்டும். பீஸின் மேல் வெறும் டேக்கைப் போட்டால் அது அவமதிப்பு. ஆகவே எது எதன் மேல் ஏறியிருக்கிறது என்று பாருங்கள்; சண்டையும் மரியாதையும் அந்த அடுக்கில்தான் இருக்கின்றன.

நியூயார்க் ரயில் பெட்டிகளிலும் இப்படி எழுதிவந்தார்கள்; அது எப்படி ஓய்ந்தது என்பதும் சுவையானது. எழுதப்பட்ட பெட்டியை ஓடவே விடாமல் நிறுத்திச் சுத்தம் செய்யும் திட்டத்தை 1984-இல் கொண்டுவந்தார்கள். ஊரெல்லாம் பார்க்கத்தானே ரயிலில் எழுதுவது? ரயில் கொட்டகையை விட்டு வெளியே வராவிட்டால் எழுதி என்ன பயன்? 1989 மே மாதம் கடைசிக் கிராஃபிட்டி ரயிலையும் எடுத்துவிட்டதாக அறிவித்தார்கள். ஆனால் ஆசை அங்கே முடியவில்லை. 2022 மே மாதம் கொச்சி மெட்ரோவின் முட்டம் யார்டுக்குள் யாரோ நுழைந்து பெட்டிகளில் ஸ்பிரே எழுத்தைப் போட்டுவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் மெட்ரோ பெட்டியில் எழுதியதாக நான்கு இத்தாலியர்கள் கைதானபோது கொச்சி போலீசாரின் கவனமும் அந்தப் பக்கம் திரும்பியது. ஆலுவாப் பக்கத்தில் ஒரு ரயில் கொட்டகையில் பெயரெழுத ஒருவருக்கு இவ்வளவு மெனக்கெடத் தோன்றுகிறதே என்று எனக்கு வியப்பு. அது குற்றம்தான், மறுக்கவில்லை.

நீங்கள் போன ஃபோர்ட் கொச்சி வேறு வகை. 2012 டிசம்பர் 12-ஆம் தேதி கொச்சி-முசிறி பியனாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி தொடங்கியது. கண்காட்சிக் கூடத்துக்குள் ஒரு கலை, வெளியே கிடங்குச் சுவர்களில் இன்னொரு கலை என்று அந்தப் பகுதி மாறியது. 'கெஸ் ஹூ' என்ற பெயரில் முகம் காட்டாமல் ஸ்டென்சில் வைத்து வரைந்தவர் அங்கேதான் பெயர் பெற்றார். ஸ்டென்சிலின் வசதி என்னவென்றால், வேலையில் பெரும்பகுதி வீட்டிலேயே முடிந்துவிடும். அட்டையை நிதானமாக வெட்டி எடுத்துப்போய்ச் சுவரில் வைத்து அடித்துவிட்டு நடக்க வேண்டியதுதான். அதனால் அங்கே கையின் வேகத்தைத் தேடாதீர்கள். இடத்தேர்வைப் பாருங்கள். எந்தச் சுவர், எந்த உயரம், பக்கத்தில் இருக்கும் ஜன்னலோ குழாயோ படத்துக்குள் சேர்ந்துகொள்கிறதா? அந்தப் பொருத்தம் இல்லாவிட்டால் அது சுவரில் ஒட்டிய சுவரொட்டி மட்டுமே.

பெரிய கட்டடச் சுவரோவியங்களைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கோணலானது. ஸ்மார்ட் சிட்டி என்று சொல்லி எல்லா ஊரிலும் ஒரே பறவை, ஒரே தாமரை, ஒரே சிரிக்கும் கிழவி. அவற்றைப் பார்த்தால் அரசு அலுவலகக் காலண்டரைப் பார்த்த உணர்வுதான் வருகிறது. திருவிழாப் பந்தல் போல் அழகாக இருக்கிறது, ஊரோடு பேசவில்லை. சென்னையில் கண்ணகி நகரும் கோவையில் உக்கடமும் எனக்கு விதிவிலக்கு. நகரத்தின் நடுவிலிருந்து பெயர்க்கப்பட்ட மக்கள் வாழும் இடம் கண்ணகி நகர். அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கிற நகரத்தில், அந்த அடுக்குமாடிச் சுவர்களைப் பார்க்கவென்று ஆட்கள் போனார்கள். உக்கடம் எங்களுக்கு அருகில். பாலக்காட்டிலிருந்து வாளையாறு தாண்டி வரும் பஸ்காரர்களுக்குத் தெரிந்த இடம்தான். அங்கே நான் படத்தைவிட அதிகமாகப் பார்ப்பது, படத்தின் நடுவே இருக்கும் ஜன்னலில் காயும் துணியை. ஓவியர் அதை எதிர்பார்த்தாரா என்று கேட்டுக்கொள்வேன்.

சிறுநீர் கழிக்காமலிருக்க எல்லா மதக் கடவுள்களையும் வரிசையாக வரைந்து வைக்கும் சுவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. பயன்பாட்டுக் கலை என்று வைத்துக்கொள்ளலாம்.

சரியா தவறா என்ற கேள்விக்கு: சட்டம் தெளிவு. தமிழ்நாட்டில் பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்கும் சட்டம் 1959-லிருந்தே இருக்கிறது. தேர்தல் நடத்தை விதிகளும் உரிமையாளர் சம்மதமில்லாமல் சுவரைத் தொடக் கூடாது என்கின்றன. எங்கள் வீட்டு மதிலை ஒரு கட்சி கேட்காமலே வெள்ளையடித்துப் பிடித்துக்கொண்டது. அப்பா முதல் நாள் சத்தம் போட்டார்; இரண்டாம் நாள், வெள்ளையடிக்கும் கூலி மிச்சம் என்று கணக்குப் போட்டு அடங்கிவிட்டார். வேட்பாளர் தோற்றார். அழிக்க யாரும் வரவில்லை. அடுத்த பருவமழை வரை தோற்றவருக்கு வாக்கு கேட்டுக்கொண்டே நின்றது எங்கள் மதில். ஆகவே சுவர்க்காரரின் எரிச்சல் எனக்குத் தெரியும்.

அதே நேரம், சுவர் யாருடையது என்பதோடு விஷயம் முடிவதில்லை. நியூயார்க்கில் ஃபைவ் பாயின்ட்ஸ் என்ற கட்டடத்தில் உரிமையாளரின் அனுமதியோடு ஆண்டுக்கணக்கில் வரைந்திருந்தார்கள். 2013 நவம்பரில் அவரே ஒரே இரவில் எல்லாவற்றையும் வெள்ளையடித்துவிட்டார். நீதிமன்றம் 2018-இல் 21 ஓவியர்களுக்கு 67.5 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நம் நாட்டிலும் படைப்பைச் சிதைப்பதற்கு எதிராகப் படைத்தவருக்கு உரிமை தரும் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு இருக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து பெயர்த்து எறியப்பட்ட தன் வெண்கலச் சுவர்ச் சிற்பத்துக்காக அமர்நாத் சேகல் வழக்குப் போட்டு, 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வென்றார். அனுமதியோடு செய்த கலையின் மேல் செய்தவருக்கும் ஒரு பிடி உண்டு என்பது இரண்டு வழக்கிலும் தெரிகிறது. அனுமதியில்லாத டேக்குக்கு அந்தப் பிடி கிடையாது, அதை எழுதுபவர் எதிர்பார்ப்பதும் இல்லை.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், கொச்சிக்கு மறுபடி போவதற்கு முன் அடுத்த உள்ளாட்சித் தேர்தல் நேரத்தில் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் வழியாக ஒரு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாருங்கள். டிக்கெட்டுக்கு ஆகும் செலவுதான். கொச்சிக்குப் போனால் மட்டாஞ்சேரிப் பக்கம் காலையிலேயே, கடைகள் திறப்பதற்கு முன் நடங்கள். ஷட்டர் மேலே ஏறிவிட்டால் அதில் இருப்பது தெரியாது. ஓவியத்துக்கு முன்னால் நின்று படம் எடுப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் கையெழுத்தை முதலில் தேடுங்கள். அதே கையெழுத்து இரண்டு தெரு தள்ளி ஒரு மின்பெட்டியில் மறுபடி கிடைத்தால் உங்களுக்கு இது பிடிபட்டுவிட்டது. உக்கடத்திலும் கண்ணகி நகரிலும் மட்டும், கேமராவை எடுப்பதற்கு முன் கீழே உட்கார்ந்திருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உங்களுக்கு அது சுவர், அவர்களுக்கு அது வீடு.