நடுக்கடலில் பாய்மரப் படகின் கருவி பழுதானால் என்ன செய்வார்கள்?

முதலில் பார்ப்பது, அது இல்லாமலே ஓட்ட முடியுமா என்றுதான். முடியும் என்றால் பழுது காத்திருக்கலாம்.

1968-69இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றினார் பிரிட்டிஷ் மாலுமி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய 'சுஹைலி' நம் பம்பாயில் கட்டிய தேக்குப் படகு. ஆஸ்திரேலியா பக்கம், தானாகத் திசைபிடிக்கும் கருவி உடைந்து உதவாமல் போனது. சரி போகட்டும் என்று பாய்களை ஏற்றி இறக்கி, சுக்கானைக் கயிற்றால் கட்டி, படகு தானே வழிபிடித்துப் போகும்படி செய்துகொண்டார். வானொலியும் அனுப்பும் திறனை இழந்தது. அது இல்லாமலே ஊர் திரும்பினார்.

ஒழுகலை அப்படி விட முடியாதே! அதற்கு முன்பே, அட்லாண்டிக்கில், அடிப்பலகை இடுக்கு வழியே தண்ணீர் ஏறியது. மூழ்கிப் பஞ்சு அடைத்தார், ஒழுகல் நிற்கவில்லை. பிறகு கான்வாஸ் பட்டையில் செப்பு ஆணிகளை மேலேயே குத்திவைத்துக்கொண்டு (தண்ணீருக்குள் ஆணி பிடிக்க ஏது கை?) மறுபடி இறங்கி அடித்தார். அதன்மேல் செப்புத் தகடு.

இன்று சாட்டிலைட் போன் உண்டு. ஆனால் உதவி வர நாள்கணக்காகலாம். பாய்மரம் முறிந்து விழுந்தால் அது படகையே இடித்து ஓட்டை போடலாம். அதைப் படகோடு பிடித்திருக்கும் கம்பிகளை வெட்டிவிடும் பெரிய கட்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.