கடைசி பெஞ்சில் சக ஆசிரியர்

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் நான். இந்த வருடம் முதல் ஒருவர் வகுப்பில் இன்னொருவர் உட்கார்ந்து பார்த்து, ஃபார்ம் நிரப்பித் தரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வாய்த்தது எங்கள் துறைத்தலைவர். எல்லாக் கட்டத்திலும் ‘மிக நன்று’ போட்டேன். அவரும் எனக்கு அப்படியே போட்டார். இதனால் யாருக்கு என்ன லாபம்?

பெயர் வேண்டாம் ஐயா.

அன்புள்ள நண்பருக்கு,

நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். நாளைக்கு நம் லீவு லெட்டரில் கையெழுத்துப் போடவேண்டியவருக்கு ‘சுமார்’ என்று யார் எழுதுவார்கள்?

ஆனாலும் இந்தப் பழக்கத்தையே வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டே இருக்கும் சாலையை ஒட்டி எங்கள் கல்லூரி. பொருளாதாரம் நடத்தினேன். பசங்க கவனிப்பதில்லை என்று வருடக்கணக்கில் புலம்பல். ஒருநாள் வேதியியல் துறை நண்பரிடம், “ஒரு பீரியட் வந்து உட்காருங்க சார்” என்றேன். பொருளாதாரத்தில் அவருக்கு அரிச்சுவடி தெரியாது. அதுதான் வசதி, பாடத்தை விட்டுவிட்டுப் பையன்களைப் பார்ப்பார்.

முடிந்ததும் டீக்கடையில் ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார். ‘10.12: போர்டு பக்கம் திரும்பிக்கொண்டு “தேவை நெகிழ்ச்சி” என்கிறார். லாரி. 10.14: பக்கத்துப் பையன் நோட்டில் “தேவை மகிழ்ச்சி”. 10.31: “புரிஞ்சுதா?” ஐந்தாவது தடவை. முதல் பெஞ்சு மட்டும் தலையாட்டுகிறது.’

நன்று, சுமார் என்று ஒரு வார்த்தை இல்லை. மறுநாளிலிருந்து முதலில் எழுதிவிட்டு, திரும்பி, லாரி போனபிறகு சொல்ல ஆரம்பித்தேன்.

அந்தச் சீட்டு பிரின்ஸிபால் அறைக்குப் போகும் என்றால் அவர் அப்படி எழுதியிருக்க மாட்டார், நானும் கூப்பிட்டிருக்க மாட்டேன். திருத்திக்கொள்ளப் பார்ப்பது வேறு, தரம் போடப் பார்ப்பது வேறு. பதவி உயர்வுக்கு யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறை பார்ப்பது, ஒதுக்கிய வகுப்புகளில் எத்தனை எடுத்தீர்கள் என்று. 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் ‘நன்று’. எப்படி எடுத்தீர்கள் என்பது அந்தக் கணக்கில் வராது. அந்தக் கணக்கு ரெஜிஸ்டரோடு இருக்கட்டும். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் (NAAC) அமைப்பு கேட்டால் காட்ட, இன்ன தேதியில் இன்னார் வகுப்பை இன்னார் பார்த்தார் என்ற ஒரு வரி போதாதா?

ஜப்பானில் பள்ளி ஆசிரியர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள். பாடம் எல்லோருடையதும் என்பதால், சொதப்பினாலும் பழி ஒருவர் தலையில் விடிவதில்லை. நம் ஊர் டிபார்ட்மென்ட்டில் நாலு பேரை ஒரே மேசையில் உட்கார வைப்பதே பெரும்பாடு, அது இருக்கட்டும்.

ஃபார்மில் ‘மிக நன்று’ போட்டுக்கொண்டே இருங்கள், தப்பில்லை. அப்புறம், உங்கள் கல்லூரியில் இரண்டு ஷிஃப்ட் உண்டென்றால், அடுத்த ஷிஃப்ட்டில் வேறு துறை ஆள் ஒருவரை நீங்களாகப் பிடித்துக்கொள்ளுங்கள். டீக்காசு உங்களுடையது.