பாதிக் கல்லீரல் போதுமா?

கேள்வி: பெருங்குடல் புற்றுநோய்க்காகச் சென்ற ஆண்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் அப்பாவுக்கு (வயது 58) இப்போது கல்லீரலின் வலப்பக்கத்தில் இரண்டு கட்டிகள் உள்ளன. கீமோதெரபி முடிந்துவிட்டது, இனி அந்தப் பக்கத்தையே அகற்ற வேண்டும் என்கிறார்கள் பெங்களூரு மருத்துவர்கள். வெட்டினாலும் கல்லீரல் வளர்ந்துவிடும் என்று உறவினர்கள் தைரியம் சொல்கிறார்கள். அம்மாவோ ஒப்புக்கொள்ள மறுக்கிறார். ஆபத்து எவ்வளவு?
- வாசகி, பாலக்கோடு

பதில்: உறவினர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் பல்லியின் வாலைப் போல வெட்டிய இடத்தில் புதிதாக முளைப்பதில்லை. எஞ்சிய பகுதியே பருத்து, முதல் சில வாரங்களில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் வளர்ந்து, சில மாதங்களில் பழைய அளவை நெருங்குகிறது. அதுவரை உடலைத் தாங்க வேண்டியது அந்த மிச்சம்தான். நோயில்லாத கல்லீரலில் கால் பங்கு மிஞ்சினாலே பெரும்பாலும் போதும். நீண்ட கீமோதெரபிக்குப் பின் 30 சதவீதமும், சுருக்க நோய் (சிர்ரோசிஸ்) உள்ள கல்லீரலில் 40 சதவீதமும் தேவை என்பது அறுவை மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. வலப்பக்கம் மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு என்பதால், உங்கள் அப்பாவுக்கு இந்தக் கணக்கு சற்று இறுக்கமானது. சி.டி. ஸ்கேனில் மிச்சத்தை அளந்து, குறைவாக இருந்தால் குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் வலப்பக்கத்துக்குச் செல்லும் கிளையை அடைத்துவிட்டுச் சில வாரங்கள் காத்திருப்பார்கள். அதற்குள் இடப்பக்கம் வளர்ந்துவிடும். அந்தத் தாமதத்தை அலட்சியம் என்று எண்ணிவிடாதீர்கள்.

இத்தகைய அறுவையை அடிக்கடி செய்யும் மையங்களில் உயிரிழப்பு பொதுவாக நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. இரத்தப்போக்கு, சீழ்த்தொற்று, பித்தநீர்க் கசிவு ஆகியவை வரக்கூடும். கசிவு பெரும்பாலும் வயிற்றில் வைத்த குழாய் வழியே வடிந்து தானாக அடைபடும். மருத்துவர்கள் மிகவும் அஞ்சுவது, மிஞ்சிய கல்லீரல் செயலிழப்பதைத்தான். வீடு திரும்பிய பிறகு காய்ச்சல், கண் மஞ்சள், வயிறு வீக்கம், தடுமாற்றமான பேச்சு ஆகியவற்றில் எது தென்பட்டாலும், மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து நாளைக் கடத்தாமல், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உடனே காட்டிவிட்டு, அறுவை செய்தவருக்கும் தெரிவியுங்கள். மதுப் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்திவிட வேண்டும்.

பலனையும் சொல்ல வேண்டும். பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய கட்டிகளை முழுமையாக அகற்ற முடிந்தவர்களில் ஏறத்தாழ நாற்பது சதவீதத்தினரோ அதற்கும் மேலானோரோ ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள். மருந்தை மட்டும் நம்பியிருப்பவர்களில் அவ்வாறு கடப்போர் மிகச் சிலரே. எனினும், பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் திரும்புகிறது. ஸ்கேனையும் இரத்தப் பரிசோதனையையும் தவறவிடாதவர்களுக்கு அது சிறியதாக இருக்கும்போதே தெரியவந்து, சிலருக்கு மறுபடியும் வெட்டி எடுக்க முடிகிறது.

அடுத்த முறை பெங்களூரு செல்லும்போது அம்மாவையும் அழைத்துச் சென்று, மிஞ்சும் பகுதி எத்தனை சதவீதம் என்று அவர் எதிரிலேயே கேளுங்கள்.