பெரிய பெயருள்ள பல்கலைக்கழகத்தில் படிப்பது உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

சிலருக்கு ரொம்ப முக்கியம், சிலருக்கு அவ்வளவாக இல்லை. உங்கள் வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் சொல்ல முடியும்.

நான் அப்படியொரு இடத்தில் படித்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். வகுப்பில் நடத்திய பாடம் வேறெங்கும் கிடைக்காதது அல்ல. எல்லா இடத்திலும் இருக்கும் அதே புத்தகங்கள், அதே கணக்குகள். எனக்குப் பெரிதாகக் கிடைத்தது விடுதியில்தான். கோடை விடுமுறையில் ஆய்வகங்களில் சம்பளத்தோடு மாணவர்களைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று பக்கத்து அறை சீனியர் ஒருநாள் சொன்னார். அப்படி ஒன்று இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. பரிந்துரைக் கடிதத்தை யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது என்பதையும் அவர்தான் சொல்லித்தந்தார். என் அறைத்தோழனுக்கு இதெல்லாம் சின்ன வயதிலேயே வீட்டில் காதில் விழுந்த விஷயங்கள். அவனுடைய அப்பா, அம்மா இருவருமே பேராசிரியர்கள். அவன் எங்கே படித்திருந்தாலும் நன்றாகத்தான் வந்திருப்பான்.

இது என் ஒருவன் அனுபவம் மட்டுமல்ல. 1976இல் கல்லூரியில் சேர்ந்த அமெரிக்க மாணவர்களை வைத்து ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் செய்த ஆய்வு 2002இல் வெளியானது. ஒரே மாதிரியான கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களை ஒப்பிட்டார்கள். கடும் போட்டியுள்ள கல்லூரியில் சேர்ந்தவர்களும், இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்களும் பிற்காலத்தில் ஏறக்குறைய ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி வருமானத்தைக் கூட்டியிருந்தது.

பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியின் குழு 2023இல் வெளியிட்ட ஆய்வையும் சொல்லியாக வேண்டும். ஐவி லீக் எனப்படும் பெயர்பெற்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எட்டோடு ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி, டியூக், சிகாகோ ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டு, காத்திருப்போர் பட்டியலில் இருந்து இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். சராசரி வருமானத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வருமானத்தின் உச்சியில் இருக்கும் 1 சதவீதத்துக்குள் போகும் வாய்ப்பும், பெயர்பெற்ற நிறுவனங்களில் வேலை கிடைக்கும் வாய்ப்பும் கணிசமாகக் கூடின. அந்த மாதிரி வேலைதான் உங்கள் குறி என்றால் பெயர் உதவும்.

மருத்துவர், ஆசிரியர் போல உரிமமோ தகுதித் தேர்வோ தீர்மானிக்கும் தொழில் என்றால் பெயருக்காகப் பெருங்கடன் வாங்காதீர்கள். படித்து முடித்த நாளிலிருந்து மாதாமாதம் தவணை கட்ட வேண்டியிருந்தால், பிடித்த வேலைக்காகக் கொஞ்ச நாள் காத்திருக்கக்கூட முடியாது. என் நண்பர்கள் சிலர் அப்படி மாட்டிக்கொண்டதைப் பார்த்தவன் நான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம், பல்கலைக்கழகத்தின் பெயரை விட்டுவிட்டு நீங்கள் சேரப்போகும் துறையைப் பாருங்கள். அங்கே இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கும் இரண்டு பேரைத் தேடிப்பிடித்து, "பேராசிரியரைப் பார்க்க எத்தனை நாள் ஆகிறது? விடுமுறையில் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். தரவரிசைப் பட்டியலில் இதற்குப் பதில் இருக்காது.