முன்பின் தெரியாத நாட்டில் உள்ளூர்க்காரர் வீட்டில் தங்கலாமா?
தாராளமாகத் தங்கலாம், ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால். இது புதிய பழக்கமும் இல்லை. 1949இல் டென்மார்க்கில் தொடங்கிய செர்வாஸ் அமைப்பு இதற்காகவே இருக்கிறது. தங்க இடம் தருகிறவர்களைத் தேட உதவும் கவுச்சர்ஃபிங் இணையதளம் வந்தது 2004இல்தான்.

அந்த வீட்டில் முன்பு தங்கிய விருந்தாளிகள் வீட்டுக்காரரைப் பற்றி எழுதிய குறிப்புகளை நிதானமாகப் படியுங்கள். "நல்ல மனிதர்" என்ற ஒற்றை வரியால் பயனில்லை. "தனி அறை, உள்தாழ்ப்பாள் இருந்தது, சாவியும் தந்தார்" என்று ஒரு பெண் எழுதியிருந்தால் அதற்கு மதிப்பு அதிகம். உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் மழுப்புகிறவரா? விட்டுவிடுங்கள்.

அப்புறம், பலர் மறப்பது சட்டம். சீனாவில் வீட்டில் தங்கும் வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் பதிய வேண்டும். இப்படி ஏதும் உண்டா என்று வீட்டுக்காரரிடம் முன்பே கேளுங்கள். சரிப்படாவிட்டால் கிளம்பிப் போக, பக்கத்து விடுதி ஒன்றின் முகவரியும் அறை வாடகைக்குப் பணமும் கையில் இருக்கட்டும்.