மேடை ஏறினாலே கை நடுங்குகிறது, குரல் கம்முகிறது. நிதானமாகப் பேச என்ன வழி?

உங்களை யாரோ திடீரென்று பேசச் சொல்லி மாட்டிவிட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பயிற்சி வகுப்புக்குக் காசு கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் அரசு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கண்டக்டருக்கு என்ன கூச்சம் என்பீர்கள். படியில் தொங்குகிறவனை அதட்டுவது வேறு, மைக் முன்னால் நிற்பது வேறு. டிப்போ வாசலில் சங்கத்தின் வாயிற்கூட்டம். பேச வேண்டியவர் வரவில்லை. "அண்ணே, நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று மைக்கைக் கையில் திணித்துவிட்டார்கள். முதல் சிங்கிள், அதாவது அன்றைய முதல் நடை, எடுக்க வேண்டியவர்கள் டிக்கெட் பையோடு நிற்கிறார்கள். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கையிலிருந்த நோட்டீஸ் படபடவென்று ஆடிய சத்தம் மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. "தோழர்களே" என்றேன். எதிர்க் கட்டடத்தில் பட்டு "களே" என்று திரும்பி வந்தது. அடுத்த வரி போயே போச்சு.

முன்னால் நின்ற டிரைவர் ஒருவர், "சொசைட்டிக் கணக்கைச் சொல்லுப்பா" என்றார். சொசைட்டி என்றால் எங்கள் ஊழியர் கூட்டுறவுக் கடன் சங்கம். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். சொசைட்டிக் கடனுக்கென்று மாதாமாதம் சம்பளத்தில் நிர்வாகம் பிடிக்கும், ஆனால் பணம் சொசைட்டிக்குப் போய்ச் சேராது, வட்டி நம் தலையில் ஏறும். என் சம்பளச் சீட்டில் எவ்வளவு பிடித்தார்கள், சொசைட்டியில் எவ்வளவு வரவு, மீதி எங்கே என்று கேட்டேன். வே பில் என்கிற டிக்கெட் கணக்குத் தாளை எழுதுகிறவனுக்குக் கணக்குச் சொல்வது தண்ணீர் பட்ட பாடு. டைம் கீப்பர் விசில் ஊதும்வரை பேசிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், பேச்சைத் தயார் செய்யாதீர்கள், விஷயத்தைத் தயார் செய்யுங்கள். இது உளவியல் இல்லை என்று யாராவது சண்டைக்கு வந்தால் வரட்டும், எனக்குப் பலித்ததைத்தான் சொல்கிறேன்.

சில்லறை விஷயங்களும் உண்டு. முழுத் தாளை ஏந்தினால் நடுக்கம் ஊருக்கே தெரியும், உள்ளங்கை அளவு அட்டையில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாக்கியம் மட்டும் மனப்பாடம். மைக் வாயிலிருந்து நாலு விரல் தள்ளி இருக்கட்டும், ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே போனால் கூவும். ஏறும் முன் மூச்சை இழுப்பதைவிட மெதுவாக விடுங்கள், படபடப்பு கொஞ்சம் இறங்கும். படபடப்பைக் குறைக்கும் ப்ரோப்ரானோலால் மாத்திரை போடலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஆபத்து, டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

இன்னொன்று, இது கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். நம்மூர் மேடையில் அத்தனை பேருக்கும் "அவர்களே" போட்டு, பொன்னாடை போர்த்தி முடிவதற்குள் கூட்டம் பாதி கலைந்துவிடும். அப்புறம் விஷயத்தோடு வந்தவன் வாயைத் திறந்தால், "நேரம் குறைவு, சுருக்கமாக முடிக்கவும்" என்று துண்டுச் சீட்டு வரும். வந்தால் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டே இறங்குங்கள்.