கோரை மறுபடி முளைத்துவிட்டது

அன்புள்ள ஐயா,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் அலுவலகத்திலிருந்து 22 பேர் நாகமலை பக்கம் ஒரு சமூகத் தோட்டத்தில் வேலை செய்யப் போனோம். காலை 7 மணியிலிருந்து 11 வரை களை பறித்தோம். தோட்டம் பளிச்சென்று ஆனது. படம் எடுத்துக்கொண்டு, பருத்திப்பால் குடித்துவிட்டுக் கிளம்பினோம். பத்து நாள் கழித்து எட்டிப் பார்த்தால், பிடுங்கிய இடமெல்லாம் மறுபடி பச்சை. "போட்டோவுக்குப் போன கூட்டம்தானே" என்கிறார் எங்களோடு வராத நண்பர். அந்த நாள் வீண்தானா?

ம., திருநகர்

அன்புள்ள ம.,

வீண் இல்லை. உங்கள் கையில் கொடுத்த வேலைதான் சரியில்லை.

பத்து நாளில் அப்படி எழுந்து நின்றது அநேகமாகக் கோரையாக இருக்கும். கோரையைக் கையால் இழுத்தால் தாள் மட்டும் வரும், கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். அடுத்த முறை ஒரு சாண் ஆழம் தோண்டிப் பாருங்கள். கறுப்பு நூலில் கோத்த மாதிரி சின்னச் சின்னக் கிழங்குகள், ஒன்றிலிருந்து ஒன்றாக ஓடும். நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை, ஒரு மணம் வரும். குளியல் பொடியில் சேர்க்கிற அதே கோரைக்கிழங்குதான். அதில் ஒன்று தங்கினாலும் மறுபடி முளைக்கும். களைக்கொத்தால் கெல்லி எடுத்து வெயிலில் காயப்போட வேண்டும், உரக்குழியில் போடவே கூடாது. கோரைக்கு நிழலும் ஆகாது. தட்டைப்பயறை நெருக்கமாக விதைத்து மண்ணை மூடவிட்டால் அது ஒடுங்கும். இதெல்லாம் நாலு பேர் மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்கிற வேலை. 22 பேர் நாலு மணி நேரத்தில் முடிக்கிற காரியம் இல்லை.

கூட்டத்துக்கு என்றே சில வேலைகள் இருக்கின்றன. ஒரு டிராக்டர் தொழு உரம் வந்து வாசலில் கொட்டிக் கிடந்தால், தோட்டக்காரர் இரண்டு பேருக்கு அதை உள்ளே சேர்ப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும். நீங்கள் வரிசையாக நின்று சட்டி மாற்றினால் காலைச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும். காய்ந்த சருகைக் கொண்டுவந்து பாத்திகளுக்கு மூடாக்குப் போடுவது, கன்றுக்குக் குழி வெட்டுவது, சரிந்த வரப்பைத் தூக்குவது எல்லாம் இந்த ரகம்தான். ஐப்பசி மழைக்கு முன்னால் இவை முடிந்தாக வேண்டும், அப்போது ஆள் போதவே போதாது.

நானும் இதில் தவறியிருக்கிறேன். எங்கள் தெருவின் காலி இடத்தில் ஒரு சித்திரையில் ஆட்களைத் திரட்டி 60 கன்று நட்டோம். மறுநாளிலிருந்து யார் தண்ணீர் ஊற்றுவது என்று நான் யாரிடமும் பேசி வைக்கவில்லை. வைகாசி முடிவதற்குள் இரண்டு பூவரசு தவிர மற்றதெல்லாம் காய்ந்துபோனது. வந்தவர்களில் ஒருவர் பின்னால் வந்து, "என் கன்று எது?" என்று கேட்டார். அவரிடம் காட்ட ஒன்றும் இல்லை. இன்னும் அது மனதை அறுக்கிறது.

நம் ஊர் புட்டுக்கு மண் சுமந்த கதையை எல்லாரும் சாமிக்காகவே கேட்கிறோம். நான் இப்போது அதில் வேறொன்றைப் பார்க்கிறேன். வைகை உடைத்துக்கொண்டபோது பாண்டியன் "எல்லாரும் வாருங்கள்" என்று மட்டும் சொல்லி விட்டுவிடவில்லை. கரையை அளந்து இன்னாருக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்தான். அதனால்தான் வந்திக் கிழவியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடப்பது கண்ணில் பட்டது. பங்கு பிரிக்காத இடத்தில் யாருடைய வேலை கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

உங்கள் நண்பர் சொன்னதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். படம் எடுத்தால் என்ன? எனக்கு முக்கியமாகப் பட்டது, பத்து நாள் கழித்து நீங்கள் எட்டிப் பார்த்தீர்களே, அதுதான். அந்தத் தோட்டத்துக்கு இப்போது அப்படி ஒரு ஆள்தான் தேவை.

சரி, ஒன்று செய்யுங்கள். தோட்டக்காரரிடம் போய், "ஒரு பாத்தியை எங்களிடம் விடுங்கள்" என்று கேளுங்கள். அலுவலகத்தில் மனசுள்ள நாலு பேர் கிடைப்பார்கள். வெயில் ஏறுவதற்கு முன், வாரம் ஒரு காலை போதும். களைக்கொத்து உங்களுடையதாக இருக்கட்டும், அங்கே எல்லாருக்கும் இருக்காது. தை பிறந்ததும் அந்தப் பாத்தி எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.